லைன் கிளியர்

1

ஒரு வரி எழுதத்தான் உட்கார்ந்தேன். அது வரவில்லை. அதனால் இந்தக் கதையை எழுதுகிறேன். பிறகு தெரிந்து நீங்கள் முகம் சுளிப்பதைவிட முதலிலேயே சொல்லிவிடுவது மரியாதை.

என் தங்கை தன் கல்யாண அழைப்பிதழின் மாதிரி அட்டையை என் மேசைமேல் வைத்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். அவளுக்கு வயது ஐம்பத்தேழு. அவருக்கு ஐம்பத்தெட்டு. அட்டையில் எல்லாம் அச்சாகியிருக்கிறது. தேதி, பதிவு அலுவலகத்தின் விலாசம், மதியச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்பது உட்பட. உச்சியில் மட்டும் ஓர் இடம் காலி. ‘அழைப்பவர்’ என்று போட்டு, அதன் எதிரே புள்ளி புள்ளியாக ஒரு கோடு. குடும்பத்தில் மூத்தவன் என்ற முறையில் அங்கே நான் ஒரு வரி எழுதித் தரவேண்டும். வியாழக்கிழமை நான்கு மணிக்குள் அச்சகத்துக்குச் சொல்லியாக வேண்டும். இன்று திங்கள்.

“எழுதினா உங்க வரி, அண்ணா. எழுதலைன்னா புள்ளிக்கோட்டோட அப்படியே அச்சடிக்கச் சொல்லிட்டேன்” என்றாள்.

“வெறும் கோட்டோடவா? பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?”

“பிரஸ்காரர் மறந்துட்டார்னு நினைப்பாங்க. உங்களைத் தெரிஞ்சவங்க மட்டும் சரியா நினைப்பாங்க.”

சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். எங்கள் வீட்டில் மூத்தவர்களிடம் அப்படிப் பேசும் வழக்கம் இல்லை. இருந்ததில்லை. அவள்தான் தொடங்கியிருக்கிறாள்.

நான் குடிநீர் வாரியத்தின் வரைபடப் பிரிவில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவன். இந்த ஊரின் பாதிக் குழாய்கள் நான் போட்ட கோட்டின் மேல்தான் ஓடுகின்றன. கோடு என்பது என் கையில் சொன்னபடி கேட்கும். வரி அப்படியில்லை என்று இந்த வயதில் தெரிகிறது.

2

முதலில் எழுதிய தொடக்கம்:

எங்கள் குடும்பம் நான்கு தலைமுறையாக—

அதற்கு மேல் போகவில்லை. எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால், ஓரத்தில் என் மனைவியின் பென்சில் எழுத்து.

[நான்கு தலைமுறையாக என்ன? முடிக்கவும்.]

நான் எழுதுவதை எல்லாம் அவள் படிக்கிறாள். அலுவலகத்தில் மேலதிகாரி என் வரைபடங்களின் மேல் குறிப்பெழுதியது போதாதென்று வீட்டிலும் ஒருவர். சரி, முடிக்கப் பார்த்தேன். நான்கு தலைமுறையாக யாரும் கோர்ட்டுப் படி ஏறியதில்லை. யாரும் வீட்டை விட்டுப் போனதில்லை. யாரும் தெருவில் நின்று சத்தம் போட்டதில்லை. எழுதிக்கொண்டே போனேன். எல்லாம் செய்யாத காரியங்களாகவே வந்தன. செய்தது என்று ஒன்று எழுதலாமே என்று யோசித்தபோது சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இரண்டாவது தொடக்கம் கட்டுரைபோல் அமைந்துவிட்டது. உழைத்து எழுதியது, தூக்கிப்போட மனமில்லை:

‘லைன்’ என்ற சொல் நம் வீடுகளுக்குள் எப்போது நுழைந்தது என்று தெரியாது. நுழைந்தது திரும்பிப் போகவில்லை என்பது மட்டும் தெரியும். ஓய்வு பெற்ற நாளில் அலுவலகத்தில் எனக்கு ஒரு தடித்த ஆங்கில அகராதி கொடுத்தார்கள். அதில் பார்த்தேன். அந்த ஒரு சொல்லுக்காகப் பக்கம் திருப்ப வேண்டியிருந்தது. கோடு, வரி, வரிசை, கயிறு, கம்பி, தடம், எல்லை, முகச்சுருக்கம், பார்க்கும் தொழில், நடிகர் பேசும் வசனம், வம்சம். இவை ஒவ்வொன்றுக்கும் தமிழில் தனியாக ஆள் இருக்கிறது. ஒரே ஆளைப் பதினோரு வேலைக்கு விரட்டும் பழக்கம் நமக்கு இல்லை. அப்படியும் அந்த ஆளைக் கூப்பிட்டு நடுக்கூடத்தில் உட்கார வைத்துவிட்டோம். ‘என்ன லைன்ல இருக்கீங்க’ என்றால் தொழிலைக் கேட்கிறார்கள். ‘லைன் கிடைக்கல’ என்றால் தொலைபேசி. ‘லைன் போயிடுச்சு’ என்றால் மின்சாரம். ‘லைன்ல வாங்க’ என்றால் வரிசை. ‘அவன் லைனே வேற’ என்றால் குணம். இவ்வளவும் போதாமல், அகராதியில் இல்லாத ஒரு வேலையையும் நாம் அதன் தலையில் கட்டியிருக்கிறோம். லைன் அடிப்பது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை தேடினேன். அந்தப் புத்தகத்தில் இல்லை. ஒரு நேர்கோட்டுக்குள் காதலை ஏற்றியவர்கள் நாம்தான். இதைப் பெருமையாகச் சொல்கிறேனா, வெட்கப்பட்டுச் சொல்கிறேனா என்பது—

[கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் தெருவில் ஒருவர் ஒரே வாரத்தில் பதினாறு முறை சைக்கிளில் போய்வந்தார். அதற்கு அகராதியில் என்ன பெயராம்?]*

* அது வேறு விஷயம். அப்போது அந்தத் தெருவில் குழாய் பதிக்க அளவெடுத்துக்கொண்டிருந்தோம்.

3

மூன்றாவது தொடக்கம்தான் நடந்தது. ஆகவே அதிலிருந்து போகிறேன்.

என் தங்கை ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். வாசலுக்கு நேரே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அவள் இடம். வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் முதலில் அவள் குரல்தான். “லைன்ல இருங்க, குடுக்கறேன்.” ஒரு நாளைக்கு முந்நூறு தடவையாவது சொல்வாள். வீட்டில் குக்கர் சத்தம் கேட்டாலும் சில சமயம் அப்படித்தான் சொல்லிவிட்டு எழுந்து போவாள்.

போன மாதம் ரத்தக்கொதிப்பு மாத்திரை வாங்க அங்கே போயிருந்தேன். மருந்து கவுண்டரில் நீளமான வரிசை. எனக்கு முன்னால் ஆறு பேர். வரிசையில் நின்றபடி பார்த்தால் கண்ணாடிக்குள் தங்கை தெரிந்தாள். ரிசீவர் காதில் இருந்தது. பேசவில்லை. மேசைமேல் இருந்த நகவெட்டியைச் சுற்றிவிட்டுக்கொண்டு சும்மா இருந்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு. யாருக்கும் காட்ட வேண்டிய அவசியமில்லாத சிரிப்பு.

பக்கத்தில் இரண்டு நர்சுகள் போனார்கள்.

“அக்கா முகத்தைப் பாரு. லைன்மேன் லைன்ல இருக்கார் போல.”

“இன்னிக்கு லைன் கொஞ்சம் நீளம்.”

சிரித்துக்கொண்டே மாடிப்படி ஏறிவிட்டார்கள். என் முறை வர இன்னும் இரண்டு பேர்தான் இருந்தார்கள். நான் வரிசையை விட்டு வெளியே வந்தேன். என் ஆயுளில் ஒரு வரிசையைப் பாதியில் விட்டது அதுதான் முதல் தடவை. மாத்திரை வாங்கவில்லை. வீடு வந்து சேர்ந்தபோது அது மிகவும் தேவையாக இருந்தது.

4

தங்கை ஆறு மணிக்கு வந்தாள். நான் கூடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். என்ன பேசவேண்டும் என்பதை மூன்று பகுதியாகப் பிரித்து வைத்திருந்தேன்.

“நம்ம குடும்பத்துக்குன்னு ஒரு லைன் இருக்கு” என்று ஆரம்பித்தேன். “அதை யாரும் தாண்டினதில்லை.”

“நான் பொழுதன்னைக்கும் லைன்லதான் இருக்கேன் அண்ணா. தாண்ட ஏது நேரம்?”

சமையலறையிலிருந்து என் மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது. முதல் பகுதி அத்தோடு போயிற்று.

“ஆஸ்பத்திரியில பேசிக்கறாங்க. லைன்மேன் லைன்ல இருக்கார்னு.”

“ஆமா, இருந்தார். அவர் லைன்ல இல்லாம கரண்டை நிறுத்தினா ஆபரேஷன் தியேட்டர்ல விளக்கு அணைஞ்சிடும். ஜெனரேட்டர் எடுத்துக்கிச்சான்னு நான் சொல்ற வரைக்கும் அவர் காத்துக்கிட்டு இருக்கணும்.”

“அதுக்கு எதுக்குச் சிரிப்பு?”

“அழுதுகிட்டே சொல்லணுமா?”

“அண்ணி கேட்டுக்கிட்டு இருக்கா, மரியாதையாப் பேசு.”

“அண்ணிக்குப் போன வருஷமே தெரியும்.”

சமையலறையில் சத்தம் நின்றது.* தங்கை கைப்பையைக் கீழே வைத்துவிட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எப்போதும் நின்றபடிதான் என்னோடு பேசுவாள்.

“அவர் கேட்டார் அண்ணா. நான் சரின்னு சொல்லிட்டேன்.”

“எதுக்கு?”

“இவ்வளவு நேரம் நீங்க எதை நினைச்சுத் திட்டினீங்களோ, அதுக்குத்தான்.”

* ஒரு வருடம். நாற்பது வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டவள் ஒரு வருடம் என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கிறாள். கேட்டதற்கு, “நீங்க கேக்கலையே” என்றாள். எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது?

5

இப்போது அந்த மனிதரைக் கதைக்குள் கொண்டுவர வேண்டும். எனக்கு இவர்மேல் சந்தேகம். ஆள்மேல் அல்ல, நான் எழுதிய ஆள்மேல்.

செவ்வாய்க்கிழமை எழுதிய பிரதியில் அவர் இப்படி வந்தார்: முறுக்கிவிட்ட மீசை. சாயம் பூசிய தலை. சட்டையின் மேல் இரண்டு பொத்தான்கள் திறந்திருந்தன. பல் குத்திக்கொண்டே பேசினார். கம்பத்தில் சாய்ந்து நின்று பெண்கள் போகும் திசையில் கண்களை—

[அவருக்கு மீசையே கிடையாது. தலை பாதி வழுக்கை. எதற்குச் சாயம்?]

கதாபாத்திரம் என்றால் கொஞ்சம் கற்பனை சேரும் என்று அவளிடம் வாயால் விளக்கினேன்.

“கற்பனை பண்றதுன்னா உங்களுக்கு ஒரு மீசை வச்சுக்குங்க. அவருக்கு எதுக்கு?”

அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டேன். வருத்தம்தான். வில்லன் நன்றாக அமைந்திருந்தான். அப்படி ஒருவன் இருந்திருந்தால் ‘அழைப்பவர்’ பக்கத்தில் நான் எதுவும் எழுத வேண்டியிருக்காது, ஊரே என் பக்கம் நின்றிருக்கும். உண்மையில் இருந்த மனிதர் அவ்வளவு உதவி செய்யவில்லை.

6

அவரைப் பார்க்க நானே போனேன். தங்கை சொன்ன மறுநாள் காலை, தபால் அலுவலகத்துக்குப் பின்தெருவில். கம்பத்தில் ஏணி சாய்த்திருந்தது. கனத்த உடம்புக்காரர் ஒருவர் கீழே ஏணியைப் பிடித்திருந்தார். உச்சியில் மஞ்சள் ஹெல்மெட்டோடு ஒருவர், கையில் ரப்பர் உறை. நான் இஸ்திரி போட்ட சட்டையில் போயிருந்தேன்.

“உங்ககிட்ட ஒரு லைன் விஷயமாப் பேசணும்” என்றேன், மேலே பார்த்து.

“கொஞ்சம் தள்ளி நின்னு சொல்லுங்க சார். எந்த லைன்?”

“எங்க குடும்ப லைன்.”

“வீட்டுக்கு வர்ற லைனா?”

“நாலு தலைமுறையா வர்ற லைன்.”

மேலே கை நின்றது. “நாலு தலைமுறையாவா? நடுவுல மாத்தவே இல்லையா?”

“மாத்தினதில்லை. ஒரு கறை கிடையாது.”

“கறை வெளியில தெரியாது சார். உள்ள தோலெல்லாம் பொடிப்பொடியா உதிர்ந்திருக்கும். லோட் தாங்காது. யாராவது தெரியாமத் தொட்டாங்கன்னா—”

“யாரும் தொடக் கூடாதுன்னுதான் சொல்ல வந்திருக்கேன்.”

“அதையேதான் சார் நானும் சொல்றேன். தொடாதீங்க. நான் வந்து ஒரு பார்வை பாத்துடறேன்.”

“நீங்க எங்க வீட்டுப் பக்கமே வரக் கூடாது.”

“வராம எப்படி சார் சரிபண்றது?”

ஏணியைப் பிடித்திருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். எனக்குக் கழுத்து வலித்தது. இதற்கு மேல் நேராகப் பேசுவதுதான் வழி என்று பட்டது.

“ஆஸ்பத்திரி டெலிபோன்ல இருக்கறவ என் தங்கச்சி.”

மேலே அவர் கையிலிருந்த குறடை இடுப்பில் செருகினார். பிறகு அவர் இறங்கத் தொடங்கினார். ஒவ்வொரு படியாக, அவசரமில்லாமல், ஒவ்வொன்றிலும் இரண்டு காலையும் ஊன்றி. கீழே வந்து ஹெல்மெட்டைக் கழற்றினார். உறைகளைக் கழற்றி இடுக்கிக்கொண்டார். வழுக்கைத் தலை வியர்த்திருந்தது. எனக்கு உட்கார இடம் தேடி, கம்பி சுற்றியிருந்த மர உருளையைத் துணியால் துடைத்துக் காட்டினார். நான் உட்காரவில்லை.

“லைன் அடிக்கறேன்னு நினைச்சு வந்திருக்கீங்க” என்றார்.

“ஆமா.”

“இல்ல சார். லைன் ஆஃப் பண்றதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணணும். அதான் பண்றேன். எட்டு வருஷமா.”

“அப்போ வேற ஒண்ணும் இல்லை.”

அவர் ரப்பர் உறையின் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டார். “அப்படியும் சொல்ல முடியாது சார்.”

பிறகு அவரே சொன்னார். ஜெனரேட்டர் ஓடி, விளக்குகள் அதற்கு மாற ஒரு நிமிடம் ஆகும், சில சமயம் மூன்று. அதுவரை இரண்டு பேரும் போனை வைக்க முடியாது. முதல் இரண்டு வருடம் ஒரு வார்த்தை பேசவில்லையாம். காதில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பார்களாம். ஒருநாள் அந்தப் பக்கத்தில் இருமல் கேட்டிருக்கிறது.

“மருந்து சாப்பிட்டீங்களான்னு கேட்டேன். ஆஸ்பத்திரியில இருக்கறவங்ககிட்ட கேக்கற கேள்வியான்னு சிரிச்சாங்க. அன்னிக்கு ஜெனரேட்டர் எடுக்க ரொம்ப நேரம் ஆச்சு. ஆகட்டும்னு இருந்தது சார், பொய் சொல்ல மாட்டேன்.”

அவருக்கு மனைவி இறந்து பன்னிரண்டு வருடம். பிள்ளைகள் இல்லை. கேட்காமலே சொன்னார், ஒரு படிவத்தைப் பூர்த்தி செய்வதுபோல்.

“சரி, என்கிட்ட என்ன எதிர்பாக்கறீங்க?”

“லைன் கிளியர் வேணும் சார்.”

புரியவில்லை என்று என் முகம் சொல்லியிருக்க வேண்டும். அவர் ஏணியைத் தட்டிக் காட்டினார். “இதுல ஏறணும்னா முதல்ல சப்ஸ்டேஷனுக்குப் போய் நோட்டுல எழுதிக் கேக்கணும். அவங்க சுவிட்சை இறக்கிப் பூட்டிட்டு, கையெழுத்துப் போட்டுக் குடுப்பாங்க. அதுக்குப் பேர் லைன் கிளியர். அது கைக்கு வராம கம்பியில கை வைக்க மாட்டேன். வாய் வார்த்தையெல்லாம் செல்லாது. முப்பத்திரண்டு வருஷமா அப்படித்தான் உயிரோட இருக்கேன். மேடம் சொல்றாங்க, அண்ணன் கையெழுத்து வேண்டாம், நாம போலாம்னு. எனக்கு வேணும் சார். பெரியவங்க நீங்க இருக்கீங்க. எழுத்துல வேணும்.”

“குடுக்கலைன்னா?”

“ஏற மாட்டேன்” என்றார். கோபமில்லை, மிரட்டல் இல்லை. தன் தொழிலின் விதியைச் சொன்னார்.

“சொல்லி அனுப்பறேன்” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். முதுகு நேராக இருந்ததா என்பதை மட்டும் கவனித்துக்கொண்டேன். பத்தடி போயிருப்பேன்.

“சார், அந்த நாலு தலைமுறை லைனை எப்ப வந்து பாக்கட்டும்?”

கேலியா, நிஜமாகவே கேட்டாரா என்று இந்த நிமிடம் வரை எனக்குத் தெரியாது.

[நிஜமாகத்தான் கேட்டார். மறுநாள் வந்து மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, இரண்டு ஒயர் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள்.]

7

புதன்கிழமை. இந்தப் பகுதி இல்லாமல் கதையை முடித்துவிடலாம் என்று காலை முழுக்க முயன்றேன்.

என் தங்கை விதவை. இந்த வயதில் கல்யாணம் என்பதை நான் எதிர்க்கிறேன் என்று நீங்கள் இதுவரை நினைத்திருப்பீர்கள். அப்படியே விட்டால் கதைக்கு வசதி. ஆனால் அது இல்லை. எங்கள் குடும்பத்தில் அதற்குத் தடை எதுவும் யாரும் எழுதி வைக்கவில்லை. என்னை உறுத்தியது வேறு. என்னைக் கேட்காமல் அவள் சரி என்று சொல்லிவிட்டாள். அந்தச் சொல்லைச் சொல்லும் உரிமை என்னுடையது என்று நினைத்திருந்தேன்.

ஏன் அப்படி நினைத்தேன் என்றால், முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் அதை நான்தான் சொன்னேன். அப்பா அப்போது இல்லை. அவளுக்கு இருபத்தாறு, எனக்கு முப்பத்தைந்து. பெண் கேட்டு வந்தவர்கள் கூடத்தில் இருந்தார்கள். “பொண்ணுக்குச் சம்மதமா?” என்று ஒரு பெரியவர் கேட்டார். “சம்மதம்” என்றேன். அவள் அடுத்த அறையில் இருந்தாள். நடுவில் ஒரு கதவு, திறந்துதான் இருந்தது. எட்டு அடி தூரம். எழுந்து போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வரைபடத்தில் இரண்டு புள்ளிகள் இருந்தால் இணைத்துக் கோடு போடுவோம், புள்ளிகளைக் கேட்போமா?

அப்படி அவளுக்கு அமைந்த கணவர் கெட்டவர் என்று எழுத நினைத்தேன். எழுதினால் என் மனசு உறுத்துவதற்கு ஒரு காரணம் கிடைக்கும். அவர் கெட்டவர் இல்லை. பேச்சு இல்லாதவர், அவ்வளவுதான். இருபது வருடம் அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேரும் பேசியதை எல்லாம் சேர்த்து எழுதினால் நான்கு பக்கம் வராது. அவர் போன பிறகு என் வீட்டுக்கு வந்தாள், ஒரு வருடத்தில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போனாள். நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களோடு பேசிவிட்டு வந்து, சாப்பிடும்போதும் பேசுவாள். எனக்கு அது தொணதொணப்பாகப் பட்டது. இருபது வருடத்துப் பேச்சு அது என்று—

அந்த வீட்டில் இருபது வருடம் மௌனமாக இருந்தவள்தான் இந்த மனிதரோடும் இரண்டு வருடம் மௌனமாக இருந்திருக்கிறாள். இரண்டும் மௌனம்தான். ஆனால் கண்ணாடிக்குள் நான் பார்த்த முகம்—

இந்தப் பக்கத்தில் என் மனைவி எதுவும் எழுதவில்லை. ஓரத்தில் ஒரு காபி டம்ளர் வைத்த வட்டம் மட்டும் இருக்கிறது.

8

முடிவுகளைப் பார்க்கலாம். மூன்று எழுதினேன்.

முதல் முடிவு. அண்ணன் எழுத மறுக்கிறான். அட்டை புள்ளிக்கோட்டோடு அச்சாகிறது. நூற்றிருபது பேருக்குப் போகிறது. கையில் பேனா இருப்பவர்கள் சும்மா இருப்பார்களா? ஆளுக்கொன்றாக நிரப்புகிறார்கள். நர்சுகள் ‘அழைப்பவர்: மூன்றாம் மாடி’ என்று எழுதுகிறார்கள். ஏணியைப் பிடித்திருந்தவர் ‘மின்சார அலுவலகம், இரண்டாம் பிரிவு’ என்று எழுதுகிறார். இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆகவே நிறுத்தினேன். என் குடும்பப் பெருமைக்காக எழுதும் முடிவில் நான் சிரிக்கக் கூடாது.

இரண்டாவது முடிவு. பதிவு அலுவலகத்தில் எல்லோரும் காத்திருக்கிறார்கள். கடைசி நிமிடத்தில் அண்ணன் படியேறி ஓடிவந்து, மூச்சுவாங்கப் பேனாவை நீட்டுகிறான்.

[ஓடுவதா? உங்கள் முழங்காலுக்கா?]

நியாயம். மேலும், எங்கள் குடும்பத்தில் யாரும் எதற்கும் ஓடிவந்ததில்லை. நேரத்துக்கு முன்பே போய் உட்கார்ந்திருப்போம்.

மூன்றாவது முடிவு. அண்ணன் எழுதவில்லை. லைன் கிளியர் வராததால் அவர் ஏறவில்லை. தங்கை ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் வேலைக்குப் போகிறாள். வாரத்துக்கு இரண்டு முறை போன் வருகிறது. “லைன் ஆஃப் பண்றேன் மேடம்.” “ஜெனரேட்டர் எடுத்துக்கிச்சு.” “சரிங்க.” நடுவில் ஒரு நிமிடம், சில சமயம் மூன்று. யாரும் இருமுவதுகூட இல்லை. வீட்டில் சாப்பிடும்போது அவள் பேசுவதில்லை. என் குடும்பத்தின் கோடு மேசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நேராகப் போகிறது, பிசகே இல்லாமல்.

மூன்றில் இதுதான் நன்றாக அமைந்தது. அரைப்பக்கம், அடித்தல் திருத்தல் இல்லை. நாங்கள் நான்கு தலைமுறையாகச் செய்யாமல் விட்ட காரியங்களின் வரிசையில் அழகாகப் போய் நிற்கும். படித்துப் பார்த்துவிட்டு எட்டாகக் கிழித்துப் போட்டேன். மேலே நீங்கள் பார்ப்பது ஞாபகத்திலிருந்து எழுதியது.

9

வியாழன். மூன்று நாற்பது.

அட்டை முன்னால் இருக்கிறது. பக்கத்தில் ஸ்கேல், சீவிய பென்சில் இரண்டு. வெள்ளைத்தாளில் எழுதிப் பார்த்தவை:

எங்கள் குலத்தின் பெருமைக்கு இழுக்கு வராத—

என் தங்கையின் விருப்பத்துக்கு இணங்கி, வேறு வழியின்றி—

என் தங்கை சரி என்று சொல்லியிருக்கிறாள், ஆகவே—

மூன்றாவது பரவாயில்லை. ‘ஆகவே’க்குப் பிறகுதான் வரவில்லை.

போன் அடித்தது. அச்சகக்காரர்.

“சார், ஒரே ஒரு லைன். மெஷின்ல பிளேட் போட்டு வச்சிருக்கேன். சொன்னீங்கன்னா சேத்துட்டு ஓட்டிடுவேன்.”

“நாலு மணின்னுதானே சொன்னீங்க?”

“நாலு மணிதான். சும்மா ஞாபகப்படுத்தினேன்.”

“ஞாபகம் இருக்கு” என்று வைத்தேன். வைத்த கையோடு மின்விசிறி நின்றது. தெருவில் எல்லா வீட்டிலும் நின்றிருக்க வேண்டும், திடீரென்று அவ்வளவு அமைதி. சமையலறையிலிருந்து என் மனைவி சொன்னாள்: “லைன் போயிடுச்சு.”

யார் நிறுத்தியது என்று தெரியும். தெருவுக்குப் பிறகு ஆஸ்பத்திரி லைனை நிறுத்துவார், அதற்கு முன்னால் யாரைக் கூப்பிட்டிருப்பார் என்பதும் தெரியும். ஆஸ்பத்திரி நம்பரை அழுத்தினேன். அவள் அங்கே வேலைக்குப் போன இத்தனை வருடத்தில் நான் அந்த நம்பரைக் கூப்பிட்டதே இல்லை.

“வணக்கம், ஆஸ்பத்திரி. சொல்லுங்க.”

வீட்டில் கேட்கும் குரல் இல்லை அது. திடமாக, சந்தோஷமாக, யாருக்கும் பயப்படாத குரல்.

“நான்தான்.”

“அண்ணா? என்ன ஆச்சு, உடம்புக்கு ஏதாவது?”

“உடம்பு நல்லாத்தான் இருக்கு. மாப்பிள்ளையோட இனிஷியல் என்ன? அட்டையில பேர் மட்டும்தான் இருக்கு.”

‘மாப்பிள்ளை’ என்ற சொல் என் வாயிலிருந்து வந்ததை நானும் அப்போதுதான் கேட்டேன். வரைபடத்தில் வராத ஒரு கோடு. சமையலறையில் ஏதோ பாத்திரம் கீழே வைக்கப்பட்டது, மிக மெதுவாக.

“அண்ணா” என்றாள். “லைன்ல இருங்க. அந்த லைன்ல அவர் இருக்கார். பின்பக்கத்து பிளாக் இன்னும் ஜெனரேட்டருக்கு மாறல. இதோ வந்துடறேன்.”

ரிசீவரை மேசைமேல் வைத்த சத்தம் கேட்டது. தள்ளுவண்டிச் சக்கரங்கள் உருண்டு போயின. யாரோ ஒரு டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள். தூரத்தில் ஜெனரேட்டரின் உறுமல். கொஞ்சம் தள்ளி அவள் குரல், இன்னொரு போனில்: “இருங்க, இருங்க. ஒண்ணுமில்ல. அண்ணன் லைன்ல இருக்கார்.”

பிறகு யாரும் எதுவும் பேசவில்லை. நானும் காதிலிருந்து எடுக்கவில்லை. ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டாவது போய்க்கொண்டிருக்கிறது. இப்படிச் சும்மா இருப்பது இவ்வளவு நன்றாக இருக்கும் என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை. ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு, மறுகையால் இந்த வரிகளை எழுதுகிறேன். கோணலாகத்தான் வருகிறது.

வாசகரே, குடும்ப விஷயத்தை வெளியில் சொல்லும் வழக்கம் எங்களுக்கு இல்லை. ஆகவே அந்த அட்டையில் நான் என்ன எழுதினேன், எழுதினேனா இல்லையா என்பதை இங்கே சொல்வதாக இல்லை. நான்கு மணிக்கு இன்னும் பதின்மூன்று நிமிடம் இருக்கிறது. அவள் திரும்பி வரும்வரை நான் லைனில் இருக்கிறேன். உங்களுக்காகக் கீழே ஒரு புள்ளிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன். என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன எழுதுவீர்களோ, எழுதுங்கள். தொழில் பழக்கத்தில் ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்: முதலில் பென்சிலால் எழுதுவது நல்லது.

அழைப்பவர்: ............................................................

[பேனாவாலேயே எழுதலாம்.]